டிராக்டர் டீலரைத் தேர்ந்தெடுத்தலும் வெளி மாகாணக் கொள்முதலின் வரியும்: கேள்வி பதில்

தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நடால் மாகாணத்து வடகரையில் கரும்பும் காய்கறியும் பயிரிடும் நம்மவர்கள் டிராக்டர் வாங்குவது குறித்தும், வேறு மாகாணத்திலோ அண்டை நாட்டிலோ வாங்கினால் செலுத்த வேண்டிய வரி குறித்தும் கேட்டவற்றுக்கு, விவசாயக் கணக்குகளைப் பார்த்துவரும் முறையில் இங்கே பதில் எழுதியிருக்கிறேன். அடைப்புக்குறிக்குள் இருப்பது கேட்டவரின் ஊர்.

கேள்வி (டோங்காட்): ஃப்ரீ ஸ்டேட்டில் உள்ள ஒரு டீலர் 4,50,000 ராண்டுக்கு ஒரு புதிய டிராக்டர் தருகிறார். இங்கே அதே மாடலுக்கு 5,05,000 கேட்கிறார்கள். வெளி மாகாணத்தில் வாங்கினால் வரி குறையும் என்று சொல்கிறார்களே, அது உண்மையா, ஐயா?

உண்மையன்று. மதிப்புக்கூட்டு வரி, அதாவது நாம் எல்லோரும் சொல்லும் வாட், நாடு முழுவதற்கும் ஒரே சட்டத்தின் கீழ் 2018 ஏப்ரல் முதல் 15 சதவீதமாகவே இருக்கிறது. மாகாணத்துக்கு மாகாணம் விற்பனை வரி மாறும் முறை அமெரிக்காவில் உண்டு, இங்கே இல்லை. நீங்கள் கண்ட வித்தியாசம் பெரும்பாலும் விலையை எப்படிச் சொல்கிறார்கள் என்பதில் இருக்கும். விவசாய இயந்திரங்களின் விலையை வாட் சேர்க்காமல் சொல்வது இந்தத் தொழிலில் பரவலான வழக்கம். அந்த 4,50,000 வாட் சேராத விலையானால் அதன் மேல் 67,500 ஏறி 5,17,500 ஆகிவிடும்; இங்குள்ள டீலர் சொன்ன 5,05,000 வாட் சேர்ந்த விலையானால் உண்மையில் அவர்தான் மலிவு. அங்கிருந்து லோபெட் எனும் தாழ்தள லாரியில் ஏற்றி வரும் கூலிக்கும் வாட் உண்டு என்பதையும் கணக்கில் சேருங்கள்.

நீங்கள் வாட்டுக்குப் பதிவு செய்தவராயின், கட்டிய வாட்டைத் திரும்பப் பெறலாம் என்பதால், இரண்டு விலைகளையும் வாட் நீக்கி ஒப்பிடுங்கள். பதிவு செய்யாதவராயின் இரண்டையும் வாட் சேர்த்து ஒப்பிடுங்கள். ஒன்றில் நீக்கி மற்றொன்றில் சேர்த்து ஒப்பிடுவதால்தான் நம்மவர்கள் பலர் இல்லாத லாபத்தைத் தேடி நெடுந்தூரம் போகிறார்கள்.

கேள்வி (ஸ்டேங்கர்): அப்படியானால் டீலரை எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? எல்லோரும் ஒரே உத்தரவாதத்தைத்தான் தருகிறார்கள்.

உத்தரவாதத்தைத் தருவது தயாரிப்பாளர். அதை நிறைவேற்றிக் கொடுப்பது டீலரின் பட்டறை. ஆகவே விற்பனைக் கூடத்தின் பளபளப்பைப் பார்க்காமல் பின்பக்கத்தில் உள்ள பட்டறைக்குள் போய்ப் பாருங்கள். கரும்பு ஆலைகள் ஏறக்குறைய ஏப்ரலில் தொடங்கி டிசம்பர் வரை அரைக்கின்றன. வெட்டிய கரும்பு வயலில் கிடக்கக் கிடக்கச் சர்க்கரையை இழக்கிறது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஜூலையில் ஒரு ஹைட்ராலிக் பம்பு போய்விட்டால், அன்றைக்கே வயலுக்கு வர மெக்கானிக்கும் வண்டியும் உண்டா, அந்தப் பம்பு டீலரின் கிடங்கில் இருக்கிறதா அல்லது ஜோகனஸ்பர்க்கிலிருந்து வரவேண்டுமா, மெக்கானிக் வரும் தூரத்துக்குக் கிலோமீட்டர் கணக்கில் உங்களிடம் கட்டணம் வாங்குவார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாயால் சொன்ன வாக்குறுதி வெட்டுக் காலத்தில் பயன்படாது.

இன்னொரு சோதனையும் உண்டு. எண்ணெய் வடிகட்டி, கிளட்ச் தட்டு, முன் அச்சின் சீல் ஆகிய மூன்றின் விலையையும் இருப்பையும் முன்கூட்டியே தொலைபேசியில் விசாரியுங்கள். உடனே பதில் சொல்பவரிடம் ஒழுங்கான கிடங்கு இருக்கிறது; ‘பார்த்துச் சொல்கிறேன்’ என்று இரண்டு நாள் இழுப்பவர், டிராக்டர் நின்ற பிறகும் அப்படியே இழுப்பார். நம் வடகரை மேடுபள்ளமான நிலமாகையால், சுமை ஏற்றிய டிரெய்லரோடு சரிவில் ஓட்டிப் பார்க்க அனுமதிக்காத டீலரிடம் வாங்க வேண்டாம் என்பது என் கருத்து. நான்கு சக்கர இயக்கமும் கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் இரும்புச் சட்டகமும் இல்லாத மாடலை விலைக்காக மட்டும் எடுப்பதையும் நான் ஒப்புவதில்லை.

டிராக்டரை உங்கள் சொந்தப் பெயரில் வாங்கினால், 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ஆறு மாதத் தர உத்தரவாதத்தைத் தருகிறது. பழுதான பொருளைச் சரிசெய்து தருவதா, மாற்றித் தருவதா, பணத்தைத் திருப்புவதா என்பதைத் தீர்மானிக்கும் உரிமை வாங்கியவருக்கே. கம்பெனி, கூட்டு, டிரஸ்ட் ஆகியவற்றின் பெயரில் வாங்கும்போது, அதன் சொத்தோ ஆண்டு விற்பனையோ 20 லட்சம் ராண்டை எட்டியிருந்தால் அந்தப் பாதுகாப்பு கிடைக்காது. குடும்ப டிரஸ்டின் பெயரில் வாங்குகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

கேள்வி (வெருலம்): நான் வாட்டுக்குப் பதிவு செய்யவில்லை. டிராக்டருக்காக மட்டும் பதிவு செய்யலாமா, அண்ணா?

கரும்புக்கு 15 சதவீத வாட் உண்டு. நீங்கள் பதிவு செய்தவரானால் ஆலை அதைக் கரும்பு விலையின் மேல் சேர்த்துக் கொடுத்துத் தன் கணக்கில் கழித்துக்கொள்ளும். எனவே பதிவு செய்வதால் உங்கள் கரும்பு விற்காமல் நிற்கப்போவதில்லை. காய்கறியும் பழமும் பூஜ்ய விகிதத்தில், அதாவது 0 சதவீத வாட்டில், உள்ளதால், காய்கறி விவசாயி விற்பனையில் வாட் வாங்காமலே கொள்முதல் வாட்டைத் திரும்பப் பெறலாம். ஆனால் உரம், விதை போன்றவற்றுக்குப் பதிவு பெற்ற விவசாயிக்குக் கிடைக்கும் பூஜ்ய விகிதம் டிராக்டருக்கு இல்லை. அதற்கு முழு வாட்டையும் கட்டிவிட்டுத்தான் கோர வேண்டும்.

தயக்கத்துக்குக் காரணங்களும் உண்டு. பதிவை விட்டு விலகும்போதும், அந்த டிராக்டரையே பின்னாளில் விற்கும்போதும் வாட் கட்ட வேண்டும். சிறு விவசாயிகள் பலர் பிப்ரவரி, ஆகஸ்ட் முடிவுகளில் ஆறு மாதத்துக்கு ஒருமுறைதான் கணக்குக் காட்டுகிறார்கள். செப்டம்பரில் கட்டிய பணம் பிப்ரவரி வரை முடங்கிக் கிடக்கும் என்பதால், டிராக்டர் ஒன்றுக்காக மட்டும் பதிவு செய்வதை நான் பரிந்துரைப்பதில்லை.

கேள்வி (டோங்காட்): தவணையில் வாங்கினால் வாட்டைத் தவணை தவணையாகத்தான் கோர வேண்டுமா?

தவணை விற்பனை ஒப்பந்தமானால் முழு வாட்டையும் தொடக்கத்திலேயே கோரலாம். வாடகை ஒப்பந்தமானால் ஒவ்வொரு வாடகையிலும் உள்ளதை மட்டும். வருமான வரியில் விவசாய இயந்திரத்தின் விலையை 50, 30, 20 சதவீதமாக மூன்று ஆண்டுகளில் கழிக்கலாம். வாட்டைத் திரும்பப் பெற்றவர் வாட் நீங்கிய விலையிலேயே இதைக் கணக்கிட வேண்டும். 4,50,000 ராண்டுக்கு 2,25,000, 1,35,000, 90,000 என்று வரும்.

கேள்வி (பீட்டர்மாரிட்ஸ்பர்க்): பழைய டிராக்டரை வாட் பதிவில்லாத ஒரு பக்கத்துப் பண்ணைக்காரரிடமிருந்து வாங்குகிறேன். திரும்பப் பெற ஒன்றும் இல்லைதானே?

இருக்கிறது. நீங்கள் பதிவு பெற்றவர், விற்பவர் இந்நாட்டில் வாழும் பதிவில்லாதவர் என்றால், கொடுத்த விலை, சந்தை மதிப்பு இரண்டில் குறைந்ததன் 115இல் 15 பங்கை வரியாகக் கொண்டு கோரலாம். 2,30,000 ராண்டுக்கு அது 30,000. அதற்குரிய வாட் 264 படிவத்தில் விற்றவரின் விவரங்களும் கையொப்பமும் வேண்டும். பணம் கைமாறுவதற்கு முன்பே அதை வாங்கிவிடுங்கள், பிறகு அவரைத் தேடி அலைய நேரும்.

பதிவுச் சான்றிதழில் உரிமைப் பத்திரதாரர் என்ற இடத்தில் வங்கியின் பெயர் இருந்தால் கடன் இன்னும் தீரவில்லை என்று எண்ணிக்கொள்ளுங்கள். வங்கியிடமிருந்து தீர்வுக் கடிதம் வராமல் பணம் கொடுக்கக் கூடாது. தனிநபர் விற்பனையில் ‘இருக்கிற நிலையில்’ என்று எழுதியிருந்தால், பின்னால் வெளிப்படும் பழுது பெரும்பாலும் உங்கள் தலையில்தான் விழும்.

கேள்வி (ஸ்டேங்கர்): அண்டை நாடான எஸ்வாட்டினியிலிருந்து ஒரு பழைய டிராக்டரை கொலேலா எல்லை வழியாகக் கொண்டுவரலாமா? சுங்க ஒன்றியம் இருப்பதால் வரியில்லை என்கிறார்கள்.

1910இலிருந்து நடக்கும் தென்னாப்பிரிக்கச் சுங்க ஒன்றியத்தில் போட்ஸ்வானா, லெசோதோ, நமீபியா, எஸ்வாட்டினி ஆகியவை நம்மோடு இருக்கின்றன. அதனால் அங்கிருந்து வரும் சரக்குக்குச் சுங்கத் தீர்வை இல்லை. ஆனால் இறக்குமதி வாட் எல்லையில் கட்டாயம். மதிப்பு 2,30,000 என்றால் 34,500 ராண்ட். எல்லையில் தரும் சுங்க அறிவிப்பும் பணம் கட்டிய ரசீதும் இல்லாமல் சார்ஸ், அதாவது வருவாய்ச் சேவை, அந்த வாட்டைத் திருப்பித் தராது. விற்பவர் எழுதிக் கொடுத்த பில் மட்டும் போதாது.

கேள்வி (வெருலம்): கோயம்புத்தூரில் உள்ள என் மாமா, அங்கே டிராக்டர் பாதி விலை என்கிறார். கப்பலில் வரவழைக்கலாமா?

ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவதற்கு வாட் கணக்கே வேறு. சரக்கின் மதிப்போடு அதன் 10 சதவீதத்தையும் தீர்வை இருந்தால் அதையும் கூட்டி, அந்தத் தொகையின் மேல் 15 சதவீதம் போடுவார்கள். தீர்வையே இல்லையென்று வைத்தாலும் 3,00,000 ராண்ட் மதிப்புக்கு வாட் 49,500. பழைய டிராக்டரானால் பன்னாட்டு வணிக நிர்வாக ஆணையத்தின் இறக்குமதி அனுமதி முன்கூட்டியே வேண்டும்; இந்நாட்டின் பதிவேட்டில் இல்லாத மாடலைப் பொதுச்சாலையில் ஓட்டப் பதிவு செய்வதும் பெரும்பாடு. அதே நிறுவனத்தின் டீலர் டர்பனில் இருந்தாலும், இந்தியாவில் விற்ற வண்டியின் உத்தரவாதத்தை அவர் ஏற்பார் என்று நம்பி வாங்காதீர்கள். மாமாவின் கணக்கில் கப்பல் கட்டணமும் துறைமுகச் செலவும் இருந்ததா என்று முதலில் கேளுங்கள்.

கேள்வி (பீட்டர்மாரிட்ஸ்பர்க்): வெளி மாகாண டீலர் தரும் பில்லில் என்னென்ன இருக்க வேண்டும்?

‘வரி விலைப்பட்டியல்’, ‘வாட் விலைப்பட்டியல்’ அல்லது ‘விலைப்பட்டியல்’ என்ற தலைப்பு, வரிசை எண், தேதி, இரு தரப்பாரின் பெயர், முகவரி, வாட் எண், டிராக்டரின் விவரம், விலை, வாட் தொகை. டீலரின் வாட் எண் 4இல் தொடங்கும் பத்து இலக்கமாக இருக்க வேண்டும். அதைச் சார்ஸின் இணையத் தேடலில் சரிபார்த்த பிறகே முன்பணம் அனுப்புங்கள். இயந்திர எண்ணும் சேசிஸ் எண்ணும் பில்லிலேயே இருக்கட்டும். வண்டி வந்து சேர்ந்த 21 நாளுக்குள் உங்கள் பெயரில் உரிமை மாற்றம் செய்ய அவையே தேவைப்படும்.