நாக்குலதான கட்டி, கழுத்துல ஏன் கத்தி?

போன மாசம் வாய்ப்புண் பத்தி எழுதினதுல இருந்து கடிதம் வந்துட்டே இருக்கு, அதுல பெரும்பாலும் நாக்கு கேன்சர் பத்திதான். எல்லாத்தையும் போட இடம் இல்ல, அதனால பல பேருக்கு உதவுற கேள்வியா பொறுக்கி எடுத்திருக்கேன்.

எங்க மாமனாருக்கு 58 வயசு. நாக்கு ஓரத்துல சின்னதா ஒரு புண்ணு, பயாப்ஸில (சதை எடுத்து பண்ற டெஸ்ட்) கேன்சர்னு வந்துடுச்சு. ஸ்கேன்ல கழுத்துல நெறி எதுவும் இல்லன்னு ரிப்போர்ட்லயே போட்டிருக்கு. ஆனாலும் சர்ஜன் நாக்கோட சேர்த்து கழுத்தையும் ஆபரேஷன் பண்ணணும்ங்கறார். காசு புடுங்கற வேலையா டாக்டர் இது? (வாசகி, தஞ்சாவூர்)

கோவம் புரியுதும்மா, ஆனா உங்க சர்ஜன் சொல்றது சரிதான்.

நாக்கு கேன்சர் பரவுறதுன்னா முதல்ல போய் உக்கார்ற இடம் கழுத்து நெறிதான். அதுல ஒரு மில்லிமீட்டர், ரெண்டு மில்லிமீட்டர்னு ஒளிஞ்சிருக்கிற நோய் எந்த ஸ்கேன்லயும் தெரியாது, கையால அழுத்திப் பாத்தாலும் தட்டுப்படாது. இத வச்சு டாக்டருங்களுக்குள்ளயே பல வருஷமா சண்டை. நாக்கை எடுக்கும்போதே கழுத்து நெறியையும் எடுத்துடணும்னு ஒரு கட்சி, நெறி கட்டினா அப்ப பாத்துக்கலாம், இல்லாதவங்களுக்கு எதுக்கு வீணா ஒரு ஆபரேஷன்னு இன்னொரு கட்சி, ரெண்டு பக்கமும் நியாயம் இருந்ததால முடிவே வரல.

முடிவு வந்தது நம்ம நாட்டுல இருந்துதான். மும்பை டாடா மெமோரியல் ஆஸ்பத்திரில அனில் டிக்ரூஸ் தலைமையில 2004ல ஆரம்பிச்சு பத்து வருஷம் ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க. வாய் கேன்சர் ஆரம்ப நிலைல இருக்கறவங்க, கழுத்துல நெறி தெரியாதவங்க, அதுல பெரும்பாலானவங்களுக்கு நாக்குலதான் கட்டி. குலுக்கல் மாதிரி ரெண்டா பிரிச்சு ஒரு குரூப்புக்கு கழுத்தையும் சேர்த்து ஆபரேஷன், இன்னொரு குரூப்புக்கு கட்டியை மட்டும் எடுத்துட்டு கழுத்துல நெறி வந்தா மட்டும் ஆபரேஷன். 500 பேரோட கணக்கைப் பாத்தப்போ, மூணு வருஷம் கழிச்சு முதல் குரூப்ல 80 சதவீதம் பேர் உயிரோட இருந்தாங்க, காத்திருந்த குரூப்ல 67.5 சதவீதம்தான். அதாவது எட்டு பேருக்கு சேர்த்து பண்ணினா ஒரு உயிர் கூடுதலா தப்பிக்குது. காத்திருந்தவங்கள்ல நெறியோட திரும்பி வந்தவங்க நிறைய, வந்தப்போ நோயும் முத்திப் போயிருந்துச்சு. 2015ல இது வெளியானதும் உலகம் முழுக்க பழக்கத்தையே மாத்திக்கிட்டாங்க. அமெரிக்காவுல பண்ணினத நாம காப்பி அடிக்கிறதுதான் வழக்கம், இதுல உல்டா, எனக்கு இதுல கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஒரு விஷயம் மட்டும் உங்க சர்ஜன்கிட்ட கேளுங்க, "புண்ணோட ஆழம் எவ்வளவு சார்?"னு. வெளியில பாக்குற அகலத்தை விட உள்ள எவ்வளவு இறங்கியிருக்குங்கறதுதான் முக்கியம். இப்போ ஸ்டேஜ் போடுறப்பவே ஆழத்தையும் சேத்துதான் போடுறாங்க, 5 மில்லிமீட்டர், 10 மில்லிமீட்டர்னு கோடு வச்சிருக்காங்க, ரெண்டு சென்டிமீட்டருக்கு மேல இருக்கிற புண்ணு பத்தைத் தாண்டி இறங்கியிருந்தா குறைஞ்சது மூணாவது ஸ்டேஜ். ரொம்ப மேலோட்டமா, 3 மில்லிமீட்டருக்குள்ளதான் இருக்குன்னா கழுத்தை விட்டுடலாமான்னு பேசிப் பாக்கலாம்.

கழுத்து ஆபரேஷன்னதும் பயப்படாதீங்க. 1906ல அமெரிக்காவுல ஜார்ஜ் க்ரைல் எழுதி வச்ச முறைல நெறியோட கழுத்துத் தசை, பெரிய ரத்தக்குழாய், தோளைத் தூக்குற நரம்பு எல்லாத்தையும் சேர்த்தே எடுத்துடுவாங்க, அதுதான் அம்பது அறுபது வருஷம் நடந்துச்சு. இப்போ உங்க மாமனார் மாதிரி ஆளுங்களுக்கு நெறியும் அதைச் சுத்தின கொழுப்பும்தான், நரம்பு, ரத்தக்குழாய், தசை எல்லாத்தையும் காப்பாத்திடுவாங்க. தோள்பட்டை கொஞ்ச நாள் இறுக்கமா இருக்கும், பிசியோதெரபியை மட்டும் விட்டுடாதீங்க. செலவுதான் கவலைன்னா முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கான்னு பாருங்க, குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரைக்கும் உண்டு.

சதை எடுத்து டெஸ்ட் பண்ணினா கேன்சர் பரவிடும்னு எங்க ஊர்ல எல்லாரும் சொல்றாங்க. நிஜமா? (வாசகர், பண்ருட்டி)

இல்ல. வாய்ப்புண்ணுல பயாப்ஸி எடுக்கிறதால பரவாது. பயாப்ஸிக்கு பயந்து மூணு மாசம் நாட்டு மருந்து தடவிட்டு வர்றாங்க பாருங்க, அந்த மூணு மாசத்துலதான் பரவுது.

எங்கம்மா புகையிலை தொடவே மாட்டாங்க, வெறும் வெத்தலை பாக்குதான். அது ஒண்ணும் பண்ணாதுல்ல? (வாசகி, காரைக்குடி)

பண்ணும்மா. புகையிலை சேக்கலன்னாலும் பாக்கே கேன்சர் உண்டாக்குற பொருள்தான்னு உலக சுகாதார நிறுவனத்தோட கேன்சர் ஆராய்ச்சி அமைப்பு 2004லயே சொல்லிடுச்சு. கல்யாண வீட்டுல எப்பவோ ஒரு தடவை போடுறதைச் சொல்லல, தினமும் கன்னத்துல அடக்கி வைக்கிற பழக்கத்தைச் சொல்றேன். அம்மாவுக்கு வாயை முன்ன மாதிரி பெருசா திறக்க முடியலன்னாலோ காரம் சாப்பிட்டா எரிஞ்சாலோ உடனே பல் டாக்டர்கிட்ட காட்டுங்க.

அண்ணனுக்கு பாதி நாக்கை எடுக்கணும்னு சொல்லிட்டாங்க. வாத்தியாரா இருக்கார். இனிமே பேசவே முடியாதா, சாப்பாடு? (வாசகர், விருதுநகர்)

பேசுவார் தம்பி. பாதி நாக்கு போனா அந்த இடத்துல மணிக்கட்டுக்கு மேல முன்கைத் தோலையோ தொடைத் தோலையோ ரத்தக்குழாயோட எடுத்து வச்சு, கழுத்துல இருக்கிற ரத்தக்குழாயோட மைக்ராஸ்கோப் வச்சு தைப்பாங்க. முன்கைத் தோலை இப்படி எடுக்குற முறை சீனாவுல இருந்து வந்தது, அங்க டாக்டருங்க 1981ல எழுதினாங்க, அதனால அதுக்கு சைனீஸ் ஃப்ளாப்னே ஒரு பேரு. ஆனா வைக்கிற தோல் தானா அசையாது, மிச்சம் இருக்கிற பாதி நாக்குதான் அதையும் இழுத்துக்கிட்டு வேலை செய்யணும். அதனால ப, ம மாதிரி உதட்டு எழுத்து நல்லா வரும், ல, ள, ழ, ற எல்லாம் முதல்ல குழறும். ஸ்பீச் தெரபிஸ்ட்டை ஆபரேஷனுக்கு முன்னாடியே ஒரு தடவை பாத்துடுங்க. கொஞ்ச நாள் மூக்கு வழியா ட்யூப்லதான் சாப்பாடு, அப்புறம் கூழ், குழைஞ்ச சாதம்னு போகணும். கிளாஸ்ல பழையபடி கத்தி பாடம் நடத்துறது கஷ்டம், மைக் வச்சுக்கிட்டா சமாளிச்சுடலாம்.

ஒண்ணு மறந்துடாதீங்க, ஆபரேஷனுக்கு அப்புறம் கரண்ட் (ரேடியேஷன்) வைக்கணும்னு சொன்னா ஆறு வாரத்துக்குள்ள ஆரம்பிச்சுடணும். அதுக்கு முன்னாடியே சொத்தைப் பல்லை எல்லாம் எடுத்துடுங்க, கரண்ட் வச்ச தாடைல பின்னாடி பல் புடுங்கினா எலும்பே செத்துப் போற ஆபத்து இருக்கு.

எனக்கு 27 வயசு, ஐடி வேலை. சிகரெட், குடி, பாக்கு எதுவும் இல்ல. நாக்கு ஓரத்துல ஒரு மாசமா புண்ணு, பக்கத்துப் பல்லு கூர்மையா குத்துது. பயப்படணுமா? (வாசகர், சென்னை)

பயப்பட வேணாம், ஆனா ஒரு மாசம்ங்கறது ரொம்ப அதிகம். பழக்கமே இல்லாத சின்ன வயசுக்காரங்களுக்கும் நாக்கு கேன்சர் வருது, ஏன்னு உலகம் முழுக்க தேடிட்டு இருக்காங்க. நெட்ல எச்பிவி வைரஸ்னு படிச்சிருப்பீங்க, அது பெரும்பாலும் தொண்டைப் பக்கம் நாக்கோட அடிப்பகுதில வர்ற கேன்சர்ல, நீங்க சொல்ற ஓரத்துப் புண்ணோட கதை வேற. முதல்ல பல் டாக்டர்கிட்ட அந்தப் பல்லைத் தேய்ச்சு மழுக்கிக்கோங்க, ரெண்டு வாரத்துல ஆறலன்னா பயாப்ஸி. புண்ணு தடிச்சு கெட்டியா இருந்தாலோ அந்தப் பக்கக் காது வலிச்சாலோ ரெண்டு வாரம் கூட வேணாம். நாக்குக்கும் காதுக்கும் நரம்பு ஒண்ணுக்கொண்ணு தொடர்பு இருக்கு, காதுல ஒண்ணுமே இல்லாம காது வலின்னு போய் சொட்டு மருந்து ஊத்திட்டு இருப்பாங்க பாவம்.

இம்யூனோதெரபி ஊசி போட்டா ஆபரேஷனே வேணாம்னு சொல்றாங்களே? (வாசகர், ஈரோடு)

யார் சொன்னாங்கன்னு தெரியல சார், ஆராய்ச்சி அப்படிச் சொல்லல. 2025ல வந்த பெரிய ஆராய்ச்சில பெம்ப்ரோலிசுமாப்ங்கற இம்யூனோதெரபி (உடம்போட எதிர்ப்பு சக்தியை கேன்சர் மேல திருப்பி விடுற சிகிச்சை) ஊசியை ஆபரேஷனுக்கு முன்னாடி ரெண்டு தடவையும் பின்னாடி தொடர்ந்தும் போட்டாங்க, நோய் திரும்பறது குறைஞ்சுது, ஆனா அதுலயும் ஆபரேஷன் உண்டு. அதுவும் முத்தின, ஆனா ஆபரேஷன் பண்ண முடியுற கட்டிக்குத்தான். விலை நம்மள மாதிரி ஆளுங்களுக்குக் கட்டுப்படியாகாது. அதுக்கும் டாடா மெமோரியல்ல ஒரு வழி பாத்தாங்க, குணமாக்க முடியாத நிலைல இருந்தவங்களுக்கு நிவோலுமாப்ங்கற இதே மாதிரி மருந்தை மூணு வாரத்துக்கு ஒரு தடவை வெறும் 20 மில்லிகிராம், வழக்கமான டோஸ்ல பத்துல ஒரு பங்குக்கும் கீழ, மாத்திரையோட சேர்த்துக் கொடுத்தாங்க. மாத்திரை மட்டும் எடுத்தவங்கள்ல ஒரு வருஷம் தாண்டினவங்க 16 சதவீதம், இந்த ஊசியும் சேர்ந்தப்போ 43 சதவீதம். ஆபரேஷன் பண்ண முடியாதுன்னு சொல்லிட்ட வீட்டுக்காரங்க இந்தக் கம்மி டோஸ் பத்தி உங்க டாக்டர்கிட்ட தைரியமா கேளுங்க. ஆபரேஷன் பண்ணலாம்னு சொன்னவங்க தேதி வாங்கிட்டு போய்ப் பண்ணிக்கோங்க.