அப்பா டயாலிசிஸ் வேண்டாம் என்கிறார்

அன்புள்ள அம்மா,

என் அப்பாவுக்கு 76 வயது. ஏற்காட்டில் நாகலூர் பக்கம் சின்ன காப்பித் தோட்டம். சர்க்கரை, இதய நோயோடு இப்போது சிறுநீரகமும் செயலிழந்து வருகிறது. வாரம் மூன்று முறை சேலம் வந்து டயாலிசிஸ் செய்ய வேண்டும் என்கிறார் டாக்டர். அப்பாவோ, "இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி, நாலு மணி நேரம் ஊசியோட படுத்து, மறுபடி மலை ஏறி... அந்தப் பாடு எனக்கு வேண்டாம்மா" என்கிறார். "ரத்தப் பரிசோதனைன்னு சொல்லிக் கூட்டிட்டுப் போய் கையில் ஃபிஸ்டுலா போட்டுடலாம்" என்கிறார் அண்ணன். டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காகக் கையில் ரத்தக் குழாய்களை இணைக்கும் சின்ன ஆபரேஷன் அது. சும்மா விட்டால் ஊர் என்ன பேசும்?

- அஸ்தம்பட்டி வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

பொய் சொல்லிக் கூட்டிப்போவதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். ஒருமுறை ஏமாந்தால், அடுத்த மாத்திரையையும் அப்பா சந்தேகத்தோடுதான் வாங்குவார். சட்டமும் அவர் பக்கம்தான். சுயநினைவோடு இருக்கும் நோயாளியின் சம்மதம் இல்லாமல் சிகிச்சை கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2008லேயே சமீரா கோலி வழக்கில் சொல்லிவிட்டது.

அதற்காக, அவர் சொன்ன முதல் 'வேண்டாம்'ஐ அப்படியே எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். பயம் பயணமா, ஊசியா, செலவா, பிள்ளைகளுக்குப் பாரமாகிவிடுவோம் என்பதா? செலவென்றால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. பயணமென்றால் சேலத்தில் உங்கள் வீட்டில் தங்கி, சில வாரம் மட்டும் செய்து பார்க்கலாம், பிடிக்காவிட்டால் நிறுத்திக்கொள்ளலாம். தூக்கமில்லை, யாரோடும் பேச்சில்லை என்றால் மனச்சோர்வா என்று மருத்துவர் பார்க்கட்டும். ரத்தத்தில் யூரியா என்ற கழிவு ஏறினால் புத்தி மந்தமாகும், அதனால் தெளிவாக இருக்கும்போதே பேசிவிடுங்கள்.

எல்லாம் புரிந்த பிறகும் வேண்டாம் என்றால், அது அவர் முடிவு. இந்த வயதில், இதய நோயும் சேர்ந்தவர்களுக்கு டயாலிசிஸ் கூட்டித்தரும் ஆயுள் இளையவர்களுக்குப் போல இருக்காது. டாக்டரிடம் இதை நேராகக் கேளுங்கள். டயாலிசிஸ் இல்லையென்றால் வைத்தியமே இல்லை என்று அர்த்தமல்ல. மூச்சிரைப்பு, அரிப்பு, குமட்டல், கால் வீக்கம் எல்லாவற்றுக்கும் மருந்துண்டு, வலி நிவாரணப் பராமரிப்பும் உண்டு. நாளைக்கு மனம் மாறினால் உடனே சொல்லலாம் என்பதையும் அவருக்குச் சொல்லிவையுங்கள்.

ஊர் பேசத்தான் செய்யும். ஆனால் ஊசி ஏறப்போவது அப்பாவின் கையில்.

அண்ணனுக்குப் பயம், அதனால்தான் இப்படி யோசிக்கிறார். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது அவரையும் கூட்டிப்போங்கள். அப்பா தன் வாயால் சொல்வதை அவர் கேட்கட்டும். அப்பாவுக்கு விருப்பமிருந்தால் அதையே முன்கூட்டிய மருத்துவ விருப்ப ஆவணமாக எழுதிவைக்கலாம். இரண்டு சாட்சிகளும், நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி ஒருவரின் கையெழுத்தும் போதும்.