அந்த அண்டாவைப் போட்டவள் நான்தான்

"மாமியார் காலமாகி ஒரு வருடம் ஆகிறது. சமையலறை முழுக்க அவருடைய பழைய பாத்திரங்கள். எதையும் நாங்கள் புழங்குவதில்லை. போட்டுவிடலாமா, வைத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்டது மருமகள் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன். மகனாக இருந்தால் "எல்லாம் அப்படியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு டிவி பார்க்கப் போயிருப்பார்.

எங்கள் மாயவரம் வீட்டில் ஒரு பித்தளை அண்டா இருந்தது. வெறும் அண்டாவே 11 கிலோ. 1992இல் அதைக் கடையில் போட்டு எவர்சில்வர் வாங்கி வந்தவள் நான். முப்பது வருடம் தாண்டியும் எங்கள் சொந்தத்தில் எந்த விசேஷத்துக்குப் போனாலும் யாராவது ஒருவர் "அம்மாவோட அண்டா மட்டும் இப்ப இருந்திருந்தா..." என்று ஆரம்பிப்பார்கள். அப்புறம் எல்லார் கண்ணும் என் பக்கம் திரும்பும்.

அந்த அண்டாவைப் புளி போட்டுத் தேய்த்தது யார் என்று மட்டும் ஒருத்தரும் கேட்டதில்லை. வாரம் ஒரு நாள், வெள்ளிக்கிழமைக்கு முன்னால், கிணற்றடியில் குந்தி உட்கார்ந்து புளியும் சாம்பலுமாகத் தேய்க்க வேண்டும். பளபளவென்று ஆகிவிடும், சரி. இரண்டே நாளில் மறுபடி கறுக்கும். அத்தை, அதாவது என் மாமியார், அதை முப்பத்தெட்டு வருடம் செய்தார். நான் பதினோரு வருடம் செய்தேன். சமைக்கிற பித்தளைப் பாத்திரங்களுக்கு இன்னொரு செலவும் உண்டு, உள்ளே ஈயம் பூச வேண்டும். பூசாத பித்தளையில் புளிக்குழம்பு வைத்தால் களிம்பு ஏறிவிடும். "ஈயம் பூசறதே" என்று கூவிக்கொண்டு வருபவர் தெருமுனையில் குழி தோண்டி, துருத்தி வைத்து, நவச்சாரம் தூவிப் பஞ்சால் ஒரு இழுப்பு இழுப்பார், பாத்திரம் வெள்ளி மாதிரி ஆகும். அவர் வருவது குறைந்துபோன பிறகு அந்தப் பாத்திரங்கள் பரணுக்குப் போயின.

போடலாம் என்று முதலில் சொன்னது அத்தைதான். நம்புகிறவர்கள் நம்புங்கள். இறந்துபோனவர் மேல் பழியைப் போடுகிறாள் என்று யாராவது எழுதுவீர்கள், தெரியும். ஆனால் அன்றைக்கு ரிக்‌ஷாவில் அண்டாவை மடியில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு வந்தவரே அவர்தான். கடையில் பழசுக்கு ஒரு விலை, புதுசுக்கு ஒரு விலை. அத்தை அரை மணி நேரம் பேரம் பேசினார். இரண்டு குடம், ஒரு சாதக் குண்டான், அடுக்கு ஒரு செட். பேர் வெட்டுகிறவர் அந்த டர்ர் மெஷினை எடுத்துக்கொண்டு "யார் பேரும்மா?" என்று கேட்டார். போட்ட அண்டாவின் விளிம்பில் அத்தையின் அப்பா பேருடைய முதலெழுத்துகளும் 'தை 1954' என்பதும் இருந்தன, அவருக்கு வந்த சீர். அத்தை என்னைக் காட்டி, "இவ பேரைப் போடுங்க. நான் எத்தனை நாளைக்கு" என்றார்.

அந்தக் குடத்தில்தான் இன்றைக்கும் குடிதண்ணீர் வைத்திருக்கிறேன். அதைப் பற்றி எந்தக் கல்யாண வீட்டிலும் பேச்சு வந்ததில்லை.

துபாயில் இருபது வருடம் இருந்துவிட்டு வந்த என் கொழுந்தனார், நான்கு வருடத்துக்கு முன் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடை ஒன்றில் அதே மாதிரி ஒரு அண்டா வாங்கி வந்து, ஹாலில் வைத்து அதில் பிளாஸ்டிக் பூ சொருகி வைத்திருக்கிறார். யாரோ ஒரு வீட்டு மருமகள் போட்ட அண்டாதானே அது? விலையைக் கேட்டு எனக்கு மயக்கமே வந்தது. அதைத் தேய்ப்பது வீட்டு வேலைக்கு வருகிற பெண். அதற்காக அவருக்குக் கூடுதலாகக் காசு கொடுக்கிறார்களா என்று நான் கேட்கவில்லை.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். எல்லாவற்றையும் ஒரே மாதிரி பார்க்காதீர்கள். மாக்கல் சட்டி இருந்தால் கொடுத்துவிடாதீர்கள். வருடக்கணக்கில் எண்ணெய் குடித்துப் பழகிய கல்சட்டியைக் கடையில் வாங்க முடியாது. புதுசை வாங்கினால் நாள்கணக்கில் சுடுகஞ்சி ஊற்றி, விளக்கெண்ணெயும் மஞ்சளும் தடவிப் பழக்க வேண்டும். அடுப்பை அணைத்த பிறகும் அதில் வத்தக்குழம்பு கொஞ்ச நேரம் கொதித்துக்கொண்டே இருக்கும். சூடாக இருக்கும்போது பச்சைத் தண்ணீர் ஊற்றினால் மட்டும் விரிசல் விட்டுவிடும். பழைய இரும்புத் தோசைக்கல்லும் அப்படித்தான். அரை ஆழாக்கு, ஆழாக்கு, படி இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். எட்டு ஆழாக்கு ஒரு படி. உங்கள் மாமியாரின் பக்குவமெல்லாம் அந்தக் கணக்கில்தான் இருக்கும். கிராமில் மாற்றி எழுதினால் அதிரசம் எண்ணெயில் பிரிந்துபோகும். எனக்குப் போனது.

ஈயச்சொம்பு இருந்தால் ஒரு எச்சரிக்கை. அது வெள்ளீயம், காரீயம் இல்லை. காரீயம் விஷம். புதிதாக வாங்குகிறவர்கள் தெரிந்த கடையில் வாங்குங்கள். வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும், அடுப்புத் தீ அதைவிடப் பல மடங்கு. உள்ளே ரசம் இருக்கிறவரை ஒன்றும் ஆகாது. காலிச் சொம்பை அடுப்பில் வைத்துவிட்டு ஃபோன் எடுக்கப் போனால் திரும்பி வரும்போது பர்னர் மேல் வெள்ளி அடைதான் இருக்கும். அத்தையின் சொம்பு அப்படித்தான் போனது. போக்கியது நானில்லை, என் நாத்தனார். அது மட்டும் ஏனோ குடும்பத்தில் யாருக்கும் ஞாபகம் இல்லை.

நான் நிஜமாகவே தொலைத்தது வேறொன்று. சமையல் மேடைக்குக் கீழே இருந்த பலகைக் கதவு. 1983இல் எங்களுக்கு கேஸ் வந்தது. சிலிண்டர் எத்தனை நாள் வருகிறது என்று பார்க்க, அத்தை அந்தக் கதவின் உள்பக்கம் மாற்றுகிற தேதியைப் பென்சிலால் எழுதத் தொடங்கினார். தேதிக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் மிச்சம் இருக்குமே, அங்கே "மாவடு 2 படி", "பால் 3 நாள் வரலை", "சின்னவன் துபாய்", "பேத்திக்கு அம்மை". ஒரு இடத்தில் வெறும் "மழை". இருபத்தேழு வருடம், மேலிருந்து கீழே, அப்புறம் அடுத்த கதவு. அவர் போன 2011க்குப் பிறகு நான் எழுதினேன்.

2016இல் மாடுலர் கிச்சன் போட்டோம். அதைச் சொல்ல ஆரம்பித்தால் தனியாக ஒரு பதில் எழுத வேண்டும். இருபது நாள் என்று சொல்லி மூன்று மாதம் இழுத்தார் அந்த கான்ட்ராக்டர். அந்த மூன்று மாதமும் கொல்லையில் வைத்துச் சமைத்தேன். தண்ணீர் பட்டால் உப்பிப்போகிற பலகையில் சிங்க்குக்குக் கீழே அலமாரி செய்கிறார்களே, இவர்கள் வீட்டில் பாத்திரமே கழுவ மாட்டார்களா? அரிவாள்மனை வைக்க ஒரு இடம் இல்லை. ஃபோன் செய்தால் "சைட்ல இருக்கேன்மா". முன்பணம் முழுக்கக் கொடுத்தது எங்கள் தப்பு, நீங்கள் யாரும் கொடுக்காதீர்கள்.

பழைய சாமான்களை வேலையாட்கள் எடுத்துப் போகும்போது, பித்தளை எதுவும் போய்விடக்கூடாது என்று நான் பரணையே பார்த்துக்கொண்டு நின்றேன். மறுபடி பேச்சு வாங்க வேண்டாமே என்றுதான். கதவுகள் வண்டியில் ஏறியதைப் பார்க்கவில்லை. மறுநாள் கேட்டபோது விறகுக்குப் போய்விட்டது என்றார்கள். கொழுந்தனாரிடம் சொன்னேன். "கதவுதானே அண்ணி" என்றார்.

புதுக் கதவின் உள்பக்கம் வழவழப்பு, பென்சில் பிடிக்கவில்லை. மார்க்கர் வாங்கி வந்து சிலிண்டர் தேதி எழுதினேன். வேலைக்கு வருகிற பெண் ஈரத்துணியால் துடைத்துவிட்டாள். அழுக்கு என்று நினைத்தாளாம். இப்போது காலண்டரில் எழுதுகிறேன். டிசம்பர் முடிந்ததும் அதைச் சுருட்டிப் பரணில், பித்தளைக் குண்டான்களுக்குப் பின்னால் வைத்துவிடுகிறேன்.