பொருள் தெரிகிறது, வாக்கியம் வரவில்லை

உங்கள் மகள் பத்தாவது வரை தமிழ் மீடியம், இப்போது டிகிரி இரண்டாம் வருடம், மத்திய அரசு வேலைக்கான எஸ்எஸ்சி பரீட்சைக்காக தினமும் 50 இங்கிலீஷ் வார்த்தை மனப்பாடம் செய்கிறாள், ஒரே வாரத்தில் மறந்துபோகிறது என்று கவலைப்படுகிறீர்கள். அவள் ஞாபகசக்தியில் குறை எதுவும் இல்லை. 50 என்பது அதிகம். அதைவிடப் பெரிய கோளாறு, ஒரு இங்கிலீஷ் சொல்லுக்கு எதிரே ஒரே ஒரு தமிழ்ச் சொல்லை எழுதிவைக்கும் அந்தப் பட்டியல்.

தமிழும் மலையாளமும் புழங்கும் பாலக்காட்டு எல்லையில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வளர்ந்த பிள்ளைக்கு இதை விளக்குவது சுலபம். வீட்டில் ‘அவசரம்’ என்றால் பரபரப்பு, மலையாளத்தில் வாய்ப்பு. வீட்டில் ‘சம்சாரம்’ மனைவி. காலேஜில் அது பேச்சு. ‘வெள்ளம்’ இங்கே ஊரை அடித்துக்கொண்டு போகும், அங்கே டம்ளரில் குடிக்கக் கொடுப்பார்கள். அவள் ஒரு நாளும் குழம்பியதில்லை. இவற்றை அவள் பட்டியலில் படிக்கவில்லை. யார், எங்கே, எதையொட்டிச் சொன்னார்கள் என்பதோடு சேர்த்தே காதில் வாங்கினாள். இங்கிலீஷையும் அப்படித்தான் வாங்க வேண்டும்.

அவள் நோட்டில் ‘ரிலக்டன்ட்’, ‘ஹெசிடன்ட்’ இரண்டுக்கும் ‘தயக்கம்’ என்றுதான் இருக்கும். ‘மை அங்கிள் வாஸ் ரிலக்டன்ட் டு செல் த லேண்ட்’ என்றால் நிலத்தை விற்க மாமாவுக்கு மனசில்லை. ‘ஐ வாஸ் ஹெசிடன்ட் டு ஸ்பீக்’ என்றால் பேச ஆசை இருக்கலாம், தப்பாகிவிடுமோ என்ற தயக்கம். ‘லெண்ட்’, ‘பாரோ’ இரண்டுக்கும் ‘கடன்’ என்று எழுதினால், பேனாவைக் கேட்கும்போது கொடுப்பவர் வாங்குபவராகிவிடுவார். ‘லெண்ட்’டுக்குப் பின்னால் ‘டு’, ‘பாரோ’வுக்குப் பின்னால் ‘ஃப்ரம்’ என்று சேர்த்தே எழுதட்டும். ‘டிஸ்கஸ் அபவுட்’ என்ற தவறும் இதே வகை: ‘பற்றிப் பேசினோம்’ என்ற தமிழ், தேவையில்லாத ‘அபவுட்’டை இழுத்துவருகிறது.

தெரிந்த வார்த்தைகளிலும் கவனம் வேண்டும். வீட்டில் துணி வைக்கும் இரும்பு அலமாரி ‘பீரோ’. சிபிஐயின் நடுவில் நிற்கும் ‘பி’யும் அதே பீரோதான், அங்கே அலுவலகம், துறை என்று பொருள்.

இனி செய்ய வேண்டியது. நாளுக்கு 5 சொல், வாரத்தில் 6 நாள். ஒவ்வொன்றுக்கும் நான்கு வரி: சொல்லும் உச்சரிப்பும்; ஒற்றைச் சொல்லாக இல்லாமல் சின்ன விளக்கமாகத் தமிழ்ப் பொருள்; கூடவே வரும் சொற்கள்; அவளுடைய வாக்கியம். வாக்கியத்தைச் சொந்தமாக எடுத்தவுடனே எழுதச் சொல்லாதீர்கள். திருத்த ஆளில்லாத இடத்தில் தவறு அப்படியே நாக்கில் படிந்துவிடும். முதலில் அகராதியின் வாக்கியம், பிறகு அதில் ஆளையோ இடத்தையோ மட்டும் மாற்றியது. அதற்கு, இங்கிலீஷ் கற்பவர்களுக்கென்றே எழுதிய லேர்னர்ஸ் டிக்‌ஷனரிதான் சரி. ஏறக்குறைய 2,000 முதல் 3,000 எளிய சொற்களுக்குள்ளேயே பொருள் சொல்லிவிடும், போனில் உச்சரிப்பும் கேட்கலாம்.

எழுதியதை மறுநாள், 3ஆம் நாள், 7ஆம் நாள், 21ஆம் நாள் மூடிவைத்துச் சொல்லிப் பார்க்க வேண்டும். இரண்டு முறை தவறிய சொல் அடுத்த நாளின் ஐந்தில் ஒன்றாக மறுபடி வரட்டும்.

டிகிரி முடித்தவர்களுக்கான எஸ்எஸ்சி சிஜிஎல் பரீட்சையின் முதல் கட்டத்தில் 100 கேள்வியில் 25 இங்கிலீஷ். சரிக்கு 2 மார்க், தவறுக்கு அரை மார்க் போகும். ஒத்த பொருள், எதிர்ப்பொருள் கேட்கும் சினானிம், ஆன்டானிமுக்கு வேண்டுமானால் பட்டியல் கைகொடுக்கும்; கோடிட்ட இடத்திலும் ஒரு பத்தியில் விடுபட்ட சொற்களை நிரப்பும் குளோஸ் டெஸ்டிலும் கூடவரும் சொல் தெரியாவிட்டால் நாலு விடையும் சரியாகவே தோன்றும். சொற்களைப் பழைய கேள்வித்தாள்களிலிருந்து எடுப்பது நல்லது.

உங்களுக்கு இங்கிலீஷ் தெரிய வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை நோட்டை நீங்கள் வாங்கிக்கொண்டு தமிழ் வரியை மட்டும் வாசியுங்கள். அவள் சொல்லையும் வாக்கியத்தையும் சொல்லட்டும். பத்து எண்ணுவதற்குள் வராவிட்டால் அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்; திட்ட வேண்டாம்.