துபாய்க்குப் புதிதாக வந்திருக்கும் அரவேனுத் தம்பிக்கு

அரவேனுவைச் சேர்ந்த தம்பி ஒருவர் கேட்டிருந்தார். துபாயில் கணக்கர் வேலையில் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறதாம். கல்லூரியில் படிக்கும்போது திறந்த டீமேட் கணக்கிலேயே (பங்குகளை மின்னணு முறையில் வைத்திருக்கும் கணக்கு) சிறு நிறுவனப் பங்கு வெளியீடுகளுக்கு, அதாவது எஸ்எம்இ ஐபிஓக்களுக்கு, விண்ணப்பிக்கலாமா? ரூபாய் சரிந்துகொண்டே இருப்பதால் கரன்சி ஃபியூச்சர்ஸ் (பின்னாளில் மாற்றும் டாலருக்கு இன்றே விலை பேசிக்கொள்ளும் ஒப்பந்தம்) எடுத்து ஹெட்ஜ் செய்ய, அதாவது அந்தச் சரிவிலிருந்து காத்துக்கொள்ள வேண்டுமா? எந்த ஏரியாவில் வாடகை குறைவு? டிரைவிங் லைசென்ஸ் எப்போது எடுப்பது? நான்கு கேள்விகள்.

வாடகைக்கும் லைசென்ஸுக்கும் உங்கள் ஆபீஸிலேயே பத்துப் பேர் வழி சொல்வார்கள். மற்ற இரண்டையும் படித்தபோது 2003 ஆகஸ்டில் அங்கே வந்து இறங்கிய என்னையே பார்த்த மாதிரி இருந்தது. அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

கோத்தகிரியில் ஸ்வெட்டரோடு பஸ் ஏறி, குஞ்சப்பனை தாண்டும்போது அதைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்ளும் ஆட்கள் நாம். விமான நிலையக் கதவைத் தாண்டி வெளியே வந்ததும் எனக்கு மூச்சு முட்டியது. சத்வாவில் ஒரே அறையில் எட்டுப் பேர். விசாவுக்கு வாங்கிய கடனுக்கு ஊரில் மாதவட்டி ஓடிக்கொண்டிருந்தது. அப்போது ஒரு திர்ஹம் பன்னிரண்டரை ரூபாய். மாதக் கடைசியில் மணி எக்ஸ்சேஞ்ச் வரிசையில் நிற்கும்போது எல்லார் கண்ணும் அங்கிருக்கும் ரேட் பலகையில்தான் இருக்கும்.

முதலில் உங்கள் வங்கிக் கணக்கு. வேலைக்காக நாட்டை விட்டுக் கிளம்பிவிட்டால் அந்நியச் செலாவணிச் சட்டப்படி (ஃபெமா) நீங்கள் இந்தியாவில் குடியிருப்பவர் இல்லை. பழைய சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ கணக்காக, அதாவது வெளிநாட்டில் இருப்பவர் இந்தியாவில் வரும் பணத்துக்கு வைக்கும் கணக்காக, மாற்ற வேண்டும். டீமேட் கணக்கையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும். அங்கிருந்து அனுப்பும் சம்பளத்துக்குத் தனியாக என்ஆர்இ கணக்கு திறந்துகொள்ளுங்கள். அதில் போட்ட பணத்தை எப்போது வேண்டுமானாலும் திரும்ப வெளிநாட்டுக்கு எடுத்துப் போகலாம், வட்டிக்கும் இந்தியாவில் வரி இல்லை. நான் ஆறு வருடம் இதைச் செய்யாமல் விட்டேன். 2009-ல் வங்கி கண்டுபிடித்துக் கணக்கை முடக்கியது. அந்த இரண்டு மாதமும் அப்பா உரக்கடையில் கடன் சொல்லி வாங்கினார். இன்றைக்கும் இருபது வருடம் அங்கே இருந்துவிட்டு "அதெல்லாம் யாரும் பார்க்க மாட்டார்கள் தம்பி" என்று சொல்லும் நம் ஆட்கள் இருக்கிறார்கள். புதிதாக வருகிறவர்களுக்கு இவர்கள் செய்வது பெரிய கெடுதல். அந்தப் பேச்சைக் கேட்காதீர்கள்.

அப்புறம் எஸ்எம்இ பங்குகள். முறையான கணக்கு இருந்தால் என்ஆர்ஐ (வெளிநாடுவாழ் இந்தியர்) விண்ணப்பிக்கத் தடை இல்லை. ஆனால் நீங்கள் அதில் போக வேண்டாம் என்பதுதான் என் பதில். ஏன் என்று சொல்கிறேன்.

இது 2012-ல் பிஎஸ்இ, என்எஸ்இ என்ற இரண்டு பங்குச் சந்தைகளும் சின்னக் கம்பெனிகளுக்கென்று தொடங்கிய தனி மேடை. நோக்கம் நல்லதுதான். வெளியீட்டுக்குப் பிறகான மூலதனம் 25 கோடிக்குள் இருக்கும் கம்பெனிகள் இங்கே வரும். வங்கிக் கடனையே நம்பியிருக்கும் ஒரு பட்டறைக்காரர் பொதுமக்களிடம் முதல் திரட்ட இது ஒரு வழி. ஆனால் பின்னால் வந்த கூட்டம் கம்பெனியைப் பார்க்கவில்லை. 2024 ஆகஸ்டில் டெல்லியில் இரண்டு பைக் ஷோரூம், எட்டு ஊழியர் மட்டுமே வைத்திருந்த ஒரு கம்பெனி 12 கோடி கேட்டது. 4,000 கோடிக்கு மேல் விண்ணப்பம் குவிந்தது. பட்டியலான அன்று வெளியீட்டு விலையிலேயே தொடங்கியது. அதே வருடக் கடைசியில் இன்னொரு கம்பெனியின் வெளியீட்டுப் பணம் முழுவதையும் முதலீட்டாளர்களுக்குத் திருப்பித் தரச் சொல்லி, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி உத்தரவு போட்டது.

உங்கள் வாட்ஸ்அப் குழுவில் "லிஸ்டிங் அன்றைக்கே 90 சதவீதம்" என்று சொல்கிறார்கள் என்றீர்கள். அந்த 90 எங்கிருந்து வந்தது தெரியுமா? முதல் நாள் தொடக்க விலை வெளியீட்டு விலைக்கு மேல் 90 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2024 ஜூலையில் என்எஸ்இ போட்ட வரம்பு அது. தாறுமாறாக ஏறுவதை நிறுத்தப் போட்ட வரம்பையே லாப உத்தரவாதம் மாதிரி சொல்கிறார்கள். கிரே மார்க்கெட் பிரீமியத்துக்கு (பட்டியலாகும் முன் சந்தைக்கு வெளியே பேசிக்கொள்ளும் கூடுதல் விலை) எந்தப் பதிவும் கிடையாது, கேட்க ஆளும் கிடையாது.

2025-ல் செபி விதிகளை இறுக்கியது. கடந்த மூன்று ஆண்டில் இரண்டு ஆண்டாவது ஒரு கோடி செயல்பாட்டு லாபம் இருக்க வேண்டும். பழைய பங்குதாரர்கள் விற்கும் பங்கு, வெளியீட்டில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தனிநபர் குறைந்தது இரண்டு லாட் (மொத்தமாக மட்டுமே வாங்கி விற்கும் பங்குக் கட்டு), அதுவும் 2 லட்சத்துக்கு மேல் போட வேண்டும். இந்த 2 லட்சம் திர்ஹத்தில் பார்த்தால் சுமார் எட்டாயிரம். புதிதாக வந்தவருக்கு அது எத்தனை மாதச் சேமிப்பு என்று நீங்களே கணக்குப் போடுங்கள். சிறியவர்கள் விலகி நிற்கட்டும் என்றுதான் அந்தத் தொகையை உயர்த்தினார்கள்.

விலை இறங்குவதைக்கூடத் தாங்கலாம். விற்க முடியாமல் போவதுதான் இதில் பெரிய ஆபத்து. மெயின் போர்டு, அதாவது பெரிய கம்பெனிகளின் வழக்கமான சந்தையில் உள்ள பங்கு மாதிரி பத்து, இருபது என்று விற்க முடியாது, லாட்டாகத்தான் விற்க வேண்டும். மார்க்கெட் மேக்கர் என்று ஒருவர் வாங்கும் விலையும் விற்கும் விலையும் கொடுக்க வேண்டும் என்பது விதி. ஆனால் அவருடைய கையிருப்பு வரம்பைத் தொட்டுவிட்டால் வாங்கும் விலை கொடுக்க வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. 2017-ல் நான் மூன்று லாட் வாங்கினேன். அடுத்த வருடம் சின்னக் கம்பெனிப் பங்குகள் எல்லாமே விழுந்துகொண்டிருந்த சமயம், அப்பாவுக்குக் கோவையில் ஆபரேஷன். விற்கப் போட்டேன். காலையில் சந்தை திறந்ததும் லோயர் சர்க்யூட் (அன்றைக்கு விலை இறங்கக்கூடிய கடைசி வரம்பு), வாங்குபவர் எண்ணிக்கை பூஜ்யம். அடுத்த நாளும் அதே. பதினோரு வேலை நாள் அப்படியே போனது. போட்டதில் பாதிக்கும் குறைவாகத்தான் கைக்கு வந்தது. ஆபரேஷனுக்குப் பணம் கொடுத்தது என் அறையில் முன்பு இருந்த ஒரு திருச்சூர்க்காரர். அவர் பங்குச் சந்தைப் பக்கமே போனதில்லை. சம்பளம் வந்த அன்றே ஒரு பகுதி ஊருக்கு, ஒரு பகுதி டெபாசிட்டுக்கு, பலகையில் ரேட் என்ன என்றுகூடப் பார்க்காமல் அனுப்பிவிடுவார். துபாயில் நான் யாரிடமாவது பணப் பாடம் கற்றேன் என்றால் அவரிடம்தான்.

ஹெட்ஜிங் பற்றி. என்எஸ்இ-யில் டாலர்-ரூபாய் ஃபியூச்சர்ஸ் 2008-லிருந்து இருக்கிறது, ஒரு லாட் ஆயிரம் டாலர். இந்தியாவில் தாங்கள் வைத்திருக்கும் முதலீட்டின் ரூபாய் ஆபத்தைச் சமாளிக்க என்ஆர்ஐக்களும் அதைப் பயன்படுத்தலாம் என்று ரிசர்வ் வங்கி 2017-ல் அனுமதித்தது. ஆனால் அடிப்படையில் நிஜமான அந்நியச் செலாவணித் தேவையோ முதலீடோ இருக்க வேண்டும், வெறும் ஊகத்துக்கு இல்லை. 2024 மே மாதத்திலிருந்து இதில் கண்டிப்பு அதிகம். செலவும் உண்டு. இந்திய வட்டிக்கும் டாலர் வட்டிக்கும் உள்ள வித்தியாசம் ஃபியூச்சர்ஸ் விலையில் ஏற்கெனவே ஏறியிருக்கும். ரூபாய் அந்த அளவுக்கு மேல் விழுந்தால்தான் உங்களுக்கு மிச்சம்.

உங்களுக்கு அது தேவையா என்று பாருங்கள். திர்ஹம் 1997-லிருந்து ஒரு டாலருக்கு 3.6725 என்று கட்டப்பட்டிருக்கிறது. ஆகவே நீங்கள் சம்பாதிப்பது டாலர் மாதிரி. செலவெல்லாம் அரவேனுவில், ரூபாயில். ரூபாய் விழுந்தால் உங்கள் சம்பளம் ஊரில் கூடுகிறது. நீங்கள் கேட்ட பாதுகாப்பு சம்பளச் சீட்டிலேயே இருக்கிறது. பிற்பாடு கனடா, ஆஸ்திரேலியா என்று போகும் எண்ணம் இருந்தால் மட்டும் ரூபாயில் எல்லாவற்றையும் போடாதீர்கள். அதற்கு எஃப்சிஎன்ஆர் டெபாசிட் இருக்கிறது: டாலரிலேயே போட்டு டாலரிலேயே திரும்ப வாங்கலாம், ஒன்றிலிருந்து ஐந்து வருடம் வரை. ஒரு வருடம் முடியும் முன் எடுத்தால் வட்டி கிடைக்காது, அவ்வளவுதான். சாதாரணச் சம்பளக்காரருக்கு இதுவே போதுமான ஹெட்ஜ்.

ரேட்டுக்காகக் காத்திருப்பது மட்டும் வேண்டாம். 2007 கடைசியில் டாலர் 40 ரூபாய்க்குக் கீழே வந்தது, திர்ஹம் 11 ரூபாய்கூட இல்லை. வீட்டுக்கடன் தவணை கட்டிக்கொண்டிருந்தவர்கள் அழுதார்கள். 2013 ஆகஸ்ட் கடைசியில் டாலர் 68-ஐத் தாண்டியது. திர்ஹம் பதினெட்டரையைத் தாண்டிய அன்று அறையில் எல்லாரும் இருபது வரும் என்றார்கள். நானும் வீடு கட்ட வைத்திருந்த பணத்தை அனுப்பாமல் வைத்துக்கொண்டேன். அக்டோபரில் திர்ஹம் 17-க்குக் கீழே இறங்கிவிட்டது. 2025 கடைசியில் 24-ஐத் தாண்டியது, சரி, ஆனால் என் வீட்டுக்கு ஜன்னல் வைக்க வேண்டிய பணம் 2013-ல் தேவைப்பட்டது.

விலை நம் கையில் இல்லை என்பது மலைக்காரர்களுக்குப் புதிதில்லை. எங்களுக்கு டோனிங்டன் பக்கம் ஒன்றரை ஏக்கர் தேயிலை. சோவியத் நாடு இருந்த வரை நீலகிரித் தூளுக்கு அங்கே நிச்சயமான சந்தை இருந்தது, கணக்கும் ரூபாயிலேயே நடந்தது. அது உடைந்தது, 1998-ல் ரூபிளும் விழுந்தது. அடுத்த இரண்டு வருடத்தில் பச்சை இலை விலை கிலோ ஐந்து ரூபாய்க்கு வந்தது. மாஸ்கோ எந்தத் திசையில் இருக்கிறது என்று அப்பாவுக்குத் தெரியாது. கிள்ளிய இலையை அன்றைக்கே ஃபேக்டரிக்கு அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் சாக்கிலேயே சூடேறிக் கெட்டுவிடும். அதனால் வேன் வரும்போது கொடுத்துவிடுவார், விலை மாதக் கடைசியில்தான் தெரியும். பதினோரு நாள் அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டு இருந்தபோது எனக்கு ரோட்டோரம் சாக்குமேல் கை வைத்து நிற்கும் அப்பாதான் நினைவுக்கு வந்தார்.

இப்போது லீவில் கோத்தகிரியில்தான் இருக்கிறேன், பொங்கல் முடிந்து பத்து நாள் வரை. என்ஆர்ஓ மாற்றத்துக்கு பாஸ்போர்ட், விசா, எமிரேட்ஸ் ஐடி நகல்களில் கையெழுத்துப் போட்டு, எந்தெந்தப் படிவம் வேண்டும் என்று உங்கள் வங்கிக் கிளையில் போனில் கேட்டுக்கொள்ளுங்கள். வங்கி என்ன சொல்கிறது என்று இங்கேயே எழுதுங்கள். உங்கள் அப்பாவுக்கு அலைச்சல் இருந்தால் நானே ஒரு நாள் அரவேனு வந்து அவரோடு வங்கிக்குப் போய்வருகிறேன்.