பட்டறை அக்காவுக்கு ஜகாத் பணத்தில் உதவலாமா?

கேள்வி: தாராவியில் தோல் பை பட்டறை வைத்திருக்கிறேன். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். எங்களிடம் தையல் வேலை பார்க்கும் அக்கா இந்து. கணவர் இல்லை. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்குத் தவிக்கிறார். இந்த வருட ஜகாத்திலிருந்து கட்டிவிடலாமா? மாமா கூடாது என்கிறார்.

பதில்: ஜகாத், அதாவது வசதியுள்ள முஸ்லிம் வருடந்தோறும் கட்டாயமாகக் கொடுக்க வேண்டிய தர்மம், அந்த விஷயத்தில் மாமா சொல்வதுதான் சரி. அது யாருக்குப் போக வேண்டும் என்பதைக் குர்ஆனே (9:60) எட்டுப் பிரிவாகச் சொல்லிவிட்டது. நபித்தோழர் முஆத் (ரலி) அவர்களை யமனுக்கு அனுப்பியபோது, முஸ்லிமாகிறவர்களில் வசதியுள்ளவர்களிடம் வாங்கி அவர்களுடைய ஏழைகளுக்கே கொடுக்கும்படி நபி (ஸல்) சொன்னார்கள். ஏழைகளுக்கான ஜகாத் பங்கு முஸ்லிம்களுக்கு உரியது என்று நான்கு மத்ஹபுகளும் (சட்டப் பள்ளிகளும்) சொல்வதற்கு இது முக்கிய ஆதாரம். 'உள்ளங்கள் இணைக்கப்பட வேண்டியவர்கள்' என்ற பிரிவில் பிற மதத்தவரும் வரலாம் என்ற கருத்து உண்டு. ஆனால் கல்லூரிக் கட்டணத்தை அதற்குள் திணிக்க வேண்டாம். அதற்குத் தேவையும் இல்லை.

ஜகாத் நூற்றுக்கு இரண்டரை ரூபாய்தான். மீதி தொண்ணூற்றேழரை உங்களிடம்தானே இருக்கிறது? அதிலிருந்து சதகா, அதாவது விரும்பிக் கொடுக்கும் தர்மம், கொடுக்க மதம் தடையே இல்லை. உங்களோடு போர் செய்யாத, உங்களை வீட்டைவிட்டுத் துரத்தாதவர்களுக்கு நன்மை செய்வதை அல்லாஹ் தடுக்கவில்லை என்கிறது குர்ஆன் (60:8). 'ஜகாத் கூடாது' என்ற சட்டத்தைச் சொல்லி, எதுவுமே கொடுக்காமல் நழுவுகிறவர்கள்தான் எனக்கு வருத்தம் தருகிறார்கள்.

மதீனாவிலும் இந்தத் தயக்கம் இருந்தது. சிலை வணங்கும் சொந்தக்காரர்களுக்குக் கொடுக்கச் சிலர் யோசித்தார்கள். அவர்கள் இஸ்லாத்துக்கு வரட்டும் என்ற எண்ணம். அப்போதுதான் 'அவர்களை நேர்வழியில் சேர்ப்பது உம் பொறுப்பல்ல' என்ற வசனம் (2:272) இறங்கியது என்று இப்னு அப்பாஸ் (ரலி) வழியாக அறிவிப்பு உண்டு. கொடுங்கள், கூலி உங்களுக்கு முழுசாக வரும் என்று முடிகிறது அது. ஆகவே பணத்தோடு மார்க்கப் புத்தகம் ஒன்றையும் சேர்த்து நீட்டாதீர்கள். பதிலுக்கு ஒன்றை எதிர்பார்த்துக் கொடுப்பதாக அந்த அக்காவுக்குத் தோன்றக் கூடாது.

நபித்தோழியான அஸ்மா (ரலி) அவர்களின் தாயார் இஸ்லாத்தை ஏற்காத நிலையில் மகளைத் தேடி வந்தார். உறவு பேணலாமா என்று கேட்டதற்கு, 'ஆம், உன் தாயோடு உறவைப் பேணு' என்றார்கள் நபி (ஸல்). நபித்தோழர் அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) வீட்டில் ஆடு அறுத்தபோது, யூத அண்டை வீட்டாருக்குக் கொடுத்தீர்களா என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். தாராவியில் அண்டை வீடு ஒற்றைச் சுவருக்கு அந்தப் பக்கம்தான், விசாரிக்கக்கூட வேண்டாம்.

நோன்புப் பெருநாளையொட்டிக் கொடுக்கும் ஃபித்ரா தர்மத்தில் மட்டும் மத்ஹபு வித்தியாசம் உண்டு. பிற மத ஏழைக்குக் கொடுக்கலாம் என்றார் ஹனஃபி மத்ஹபின் இமாம் அபூ ஹனீஃபா, ஷாபி மத்ஹபில் கூடாது. பக்ரீத் குர்பானி இறைச்சியிலும் இப்படிக் கருத்து வேறுபாடு இருக்கிறது. உங்கள் மத்ஹபு எதுவோ, அதற்கேற்ப பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. ஜகாத் தொகையைத் தனியாக எடுத்துவைத்துவிட்டு, கட்டணத்தை வேறு பணத்திலிருந்து சதகா என்ற நிய்யத்தோடு (எண்ணத்தோடு) கட்டுங்கள். அக்காவுக்குச் சம்மதம் என்றால் நேராகக் கல்லூரியிலேயே கட்டலாம். கடனா உதவியா என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். உதவி என்று சொல்லிவிட்டு அப்புறம் வாரக் கூலியில் பிடிக்கக் கூடாது. அவருக்கு வர வேண்டிய கூலி பாக்கியோ, பேசிவைத்த தீபாவளி போனஸோ இருந்தால் அதை முதலில் கொடுங்கள். அதைச் சதகா கணக்கில் எழுத முடியாது.