ஸுண்டாமோன் குரல் நாயகியின் பெயரைத் தப்பாகப் படிக்கும்போது

எழுதியதை ஜப்பானிய மொழியில் பேசிக் காட்டும் மென்பொருளான வாய்ஸ்வாக்ஸில், ஸுண்டாமோன் என்ற பாத்திரத்தின் குரல் உங்கள் கதை நாயகியின் கான்ஜிப் பெயரை (ஜப்பானியர் பயன்படுத்தும் சீன எழுத்துகளில் உள்ள பெயரை) தப்பாகவே படிக்கிறது, ஒவ்வொரு வரியாகத் திருத்தி அலுத்துவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். அமைப்புகள் பகுதியில் உச்சரிப்பு அகராதி இருக்கிறது. அதில் பெயரைக் கான்ஜியில் போட்டு, படிக்க வேண்டிய ஒலியைக் கதகானா என்ற ஜப்பானிய ஒலியெழுத்தில் கொடுங்கள். சுருதி எந்த இடத்தில் இறங்க வேண்டும் என்பதையும் அங்கேயே சரிசெய்யலாம். இதை விட்டுவிடாதீர்கள், சுருதி பிசகினால் ஜப்பானியர் காதுக்குப் பெயரே அந்நியமாகக் கேட்கும். அப்புறமும் பழையபடி படித்தால் அந்தச் சொல்லின் முன்னுரிமையைக் கூட்டுங்கள். ஏற்கெனவே அடித்த வரிகளை மட்டும் மறுபடி உள்ளிட்டுப் பாருங்கள்.

யூடியூப் வருமானம் பற்றிக் கேட்டீர்களே, ஸுண்டாமோன் குரலை வணிகத்துக்கும் இலவசமாகப் பயன்படுத்தலாம். மென்பொருள் பெயரையும் பாத்திரப் பெயரையும் காணொளி விளக்கம் போன்ற, பார்ப்பவருக்குத் தெரியும் இடத்தில் குறிப்பிடுவது கட்டாயம். ஸுண்டாமோனின் உருவப் படத்தைப் பயன்படுத்த விதிகள் வேறு, அதைத் தனியாகப் படித்துவிடுங்கள்.